அப்பத்தாவின் நோய்ப் பேரேடு

நோயாளிக்கு இப்போது 77 வயது. பிறந்தது பள்ளத்தூர், வாழ்க்கைப்பட்டது கண்டனூர். என் அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்றவர். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கதவுபோல் இருக்கும் மைட்ரல் வால்வின் இடத்தில் 1996 முதல் ஒரு செயற்கை வால்வு வேலை செய்கிறது. துடிப்பு நிரந்தரமாகவே ஒழுங்கு தப்பியது. வலது கை விரல்கள் முழுவதும் மடங்குவதில்லை. ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை 31 ஆண்டுகளாக விழுங்கிவருகிறார். இத்தனைக்கும் வேர், 1958 மார்கழியில் சில நாள் இருந்துவிட்டுப் போன ஒரு தொண்டை வலி.

நான் பொது மருத்துவம் பார்ப்பவள். அப்பத்தாவின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ருமாட்டிக் காய்ச்சல் என்ற ஒரே நோய், மூட்டு வலி, காற்றுச் சேட்டை, ஆஸ்துமா, மாதவிடாய் நிற்கும் காலத்துப் படபடப்பு, பக்கவாதம் என்று ஐந்து பெயர்களில் வந்து, ஐந்து இடங்களில் தனித்தனியாக வைத்தியம் பெற்றிருக்கிறது. இவற்றை யாராவது ஒரே தாளில் எழுதி வைத்திருந்தால், அவர் பட்ட துன்பத்தில் பாதியாவது குறைந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழைய மருத்துவச் சீட்டுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் நகரத்தார் வீடுகளில் செலவுக் கணக்கு மிஞ்சும். திருமணமான மகனைத் தனிப் புள்ளியாக வேறு வைப்பது எங்கள் வழக்கம். ஒரே வளவில் இருந்தாலும் அடுப்பு தனி, அரிசி தனி, கணக்கும் தனி. அப்பத்தாவின் கணவரான ஐயா, தன்னை வேறு வைத்த நாளிலிருந்து 1990இல் மறையும்வரை எழுதிய நோட்டுகள் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தன. அப்பத்தா பிறந்த வீட்டுப் பேரேடுகளை அவருடைய தம்பி மகன் தேடி எடுத்துத் தந்தார். டாக்டர் பீஸ், ஊசி, மாத்திரை, வாடகைக் கார் என்று ஒவ்வொரு செலவும் தேதியோடு இருக்கிறது. நோயின் பெயர்தான் இல்லை. அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, அப்பத்தாவையும் அவருடைய தங்கையையும் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுக் கோத்தது கீழே வருகிறது.

பள்ளத்தூர், 1958 முதல் 1966 வரை

அப்பத்தாவின் அப்பச்சி பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்து, 1942இல் ஜப்பானியர் படை நுழைந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். வீடு பெரியது, கைப்பணம் சுருங்கியிருந்தது. மூன்று சகோதரர்களின் பிள்ளைகளும் பட்டாலை என்ற கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, போர்வையைப் பங்கிட்டுக்கொண்டு தூங்குவார்கள். அந்த மார்கழியில் பிள்ளைகளில் பலருக்கும் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள், உப்பு நீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். எல்லாரும் தேறினார்கள். பத்து வயது அப்பத்தாவும் தேறினார்.

தை பிறந்து சில நாளில் அவருடைய வலது முழங்கால் வீங்கிச் சிவந்தது. இரண்டு மூன்று நாளில் அது வடிந்து கணுக்காலுக்குப் போனது, பிறகு மணிக்கட்டுக்கு. போர்வை பட்டாலே கத்துவார் என்று தங்கை சொல்கிறார். ஊரிலிருந்த டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்தார். வலி விரைவாக விட்டது. மூட்டு வலி தீர்ந்துவிட்டது என்று வீட்டார் அமைதியானார்கள்.

ருமாட்டிக் காய்ச்சல் என்பது இதுதான். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையில் புண் உண்டாக்குகிறது. உடல் அதை எதிர்க்கும் புரதங்களைச் சுரக்கிறது. அந்தப் பாக்டீரியாவின் மேலுறையும் நம் இதயத் திசுக்களும் சில இடங்களில் ஒத்த அமைப்பு உள்ளவை. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, சிலருக்கு, அந்த எதிர்ப்பு தன் உடலையே தாக்குகிறது. பெரிய மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்கி, தழும்பில்லாமல் ஆறிவிடும். இதய வால்வு அப்படி ஆறுவதில்லை. தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் மெல்லச் சுருங்குகிறது. தொண்டைப் புண் தொடங்கிய ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் கொடுத்தால் இந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே அறுத்துவிடலாம். எல்லாத் தொண்டை வலிக்கும் அது தேவையில்லை, பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆனால் ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, சளியோ இருமலோ இல்லாமல் கடும் காய்ச்சல், உள்நாக்கின் இருபுறமும் வெள்ளைத் திட்டுகள், கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிகட்டி என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பாடநூல்கள் இதை ஏழ்மையின் நோய் என்று சொல்லும். ஏழ்மை என்பதைவிட நெருக்கம் என்று சொல்வதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. தொண்டைக் கிருமி, அடுத்த பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் மூச்சிலும் இருமலிலும் பரவுகிறது. பர்மா தேக்கில் தூண் நிறுத்தி, ஆத்தங்குடிக் கல் பதித்த வீடாக இருந்தாலும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் தூங்கினால் கிருமிக்கு அது நெருக்கடியான குடிசைதான்.

1959 ஆனி மாதம் வந்தது மூட்டோடு சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றிய ஒன்று. கையில் கொடுத்த டம்ளர் நழுவி விழுந்தது. எழுத்து கோணிப்போனது. முகம் தானாகச் சுளித்தது, கைகால்கள் சொல்பேச்சுக் கேட்காமல் துள்ளின. தூக்கத்தில் மட்டும் அடங்கியது. பள்ளியில் ஆசிரியர் கண்டித்தார். வீட்டில் காற்றுச் சேட்டை என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சிடன்ஹாம் கோரியா என்ற இந்த நடுக்கம், அதே தொண்டைப் புண்ணின் விளைவாக மூளையில் ஏற்படுவது. சிறுமிகளுக்கே அதிகம் வரும், ஆறு மாதம்வரை தாமதித்தும் வரும், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே அடங்கிவிடும். அடங்கியதும் பெருமையெல்லாம் கயிற்றுக்குப் போனது.

நல்லவேளையாக, நடுக்கம் இருந்தபோதே காரைக்குடியில் ஒரு டாக்டரிடமும் காட்டியிருக்கிறார்கள். அவர் மார்பில் இரைச்சல் கேட்டிருக்கிறார். 21 நாளைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, தவறவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். 1959 ஆவணியிலிருந்து பேரேட்டில் அந்தச் செலவு ஒழுங்காக வருகிறது. மீண்டும் தொண்டைப் புண் வராமல் தடுக்கவே அந்த ஊசி. ஒவ்வொரு புதிய தாக்குதலும் வால்வில் இன்னொரு தழும்பைச் சேர்க்கும். கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, நாளுக்கொரு நூலாக இழை எடுத்துப் பிள்ளையார் நோன்பு இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு முறையும் தவறவில்லை.

1966 தை மாதத்துக்குப் பிறகு பேரேட்டில் அந்த வரி இல்லை. மாசியில் திருமணம்.

முறைச்சிட்டை இன்னும் இருக்கிறது. வைரத்தோடு முதல் பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் சட்டி, பாய், தலையணை வரை நுணுக்கமாக எழுதிய சீர்வரிசைப் பட்டியல். பெண்ணுக்குப் போட்டுவந்த ஊசியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. டாக்டர் அப்பத்தாவின் அப்பச்சியிடம் மட்டும் இதயத்தைப் பற்றிச் சொன்னாராம். வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தது மூட்டு வலி ஊசி என்பதே. மூட்டுதான் எப்போதோ சரியாகிவிட்டதே, புகுந்த வீட்டில் போய் ஊசி போட்டுக்கொண்டு நின்றால் என்ன நினைப்பார்கள் என்று அவருடைய ஆத்தா கவலைப்பட்டதைத் தங்கை நினைவில் வைத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த நோட்டுகளில் என்னை மிகவும் வருத்துவது அந்த வெற்றிடம்தான். வால்வில் தழும்பு தங்கிவிட்டவருக்கு, கடைசித் தாக்குதலிலிருந்து 10 ஆண்டு அல்லது 40 வயது, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஊசி தொடர வேண்டும் என்கின்றன இன்றைய வழிகாட்டுதல்கள். அப்பத்தாவுக்கு நிறுத்தியபோது வயது 18.

இரண்டு பிரசவங்கள்

முதல் பிரசவம் 1968இல், வழக்கப்படி பிறந்த வீட்டில். ஆறாம் மாதம் முடிந்ததும் படுத்தால் மூச்சு முட்டியது. இரவெல்லாம் உட்கார்ந்தபடி, முன்னால் வைத்த பெட்டியில் தலை சாய்த்துத் தூங்கினார். இருமினால் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடும். நல்ல மைட்ரல் வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும். அது ஒன்றரைக்கும் கீழே குறுகிவிட்டால், கூடிய ரத்தம் இடது கீழறைக்கு இறங்க வழியில்லாமல் நுரையீரலில் தேங்கும். நுரை வந்தது அதனால்தான். வந்து பார்த்த மருத்துவர் ஆஸ்துமா என்று சொன்னார். எட்டாம் மாதத்திலேயே பெரியப்பச்சி பிறந்தார். பிரசவம் முடிந்து ரத்த அளவு குறைந்ததும் மூச்சு சீரானது, எனவே ஆஸ்துமா மாத்திரை குணமாக்கியது என்றாயிற்று. அடுத்த மூன்று ஆண்டும் ஐயாவின் நோட்டில் அந்த மாத்திரைச் செலவு வந்துகொண்டே இருக்கிறது.

1971இல் இரண்டாவது கர்ப்பம். நாலாம் மாதத்திலேயே முகப்புப் படி ஏற முடியவில்லை. ஐயா இந்த முறை மதுரைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெண் மருத்துவர், அப்பத்தாவை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மார்பின் கீழ்ப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். குறுகிய மைட்ரல் வால்வின் உறுமல் மிகவும் தாழ்ந்த ஒலி. நேராகப் படுத்திருப்பவரிடம் அவசரமாகக் கேட்டால் தப்பிவிடும். அப்பத்தா எழுந்து உட்கார்ந்த பிறகு மருத்துவர் கேட்டாராம்: “அம்மா, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?”

பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். மூட்டு, நடுக்கம், ஊசி என்று அப்பத்தா ஒவ்வொன்றாகச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயா அன்றுதான் முதன்முதலாக எல்லாவற்றையும் கேட்டார். அவர் கோபப்படவில்லை என்று அப்பத்தா இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். “அடுத்து என்ன செய்ய வேண்டும்?” என்று மட்டும் டாக்டரிடம் கேட்டாராம்.

வேலூருக்குப் போனார்கள். இந்தியாவின் நெஞ்சக அறுவைச் சிகிச்சைக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒரு தாய்வீடு. 1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் அங்கே அந்தத் துறையைத் தொடங்கினார். இதயத்தை நிறுத்தாமல், திறக்காமல், சுருங்கிய மைட்ரல் வால்வைப் பிரிக்கும் அறுவை அங்கே பெருமளவில் நடந்தது. இடது விலா எலும்புகளுக்கு இடையே திறந்து, இடது மேலறையின் ஓரத்தில் சிறு துளையிட்டு, மருத்துவர் தன் விரலை உள்ளே விடுவார். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள், கண்ணால் காணாமல், விரல் நுனியால் மட்டும் வால்வைத் தடவிப் பார்த்து, கீழறை வழியாக ஒரு விரிப்பானை நுழைத்து ஒட்டியிருந்த ஓரங்களைப் பிரிப்பார். தொடர்ந்து வந்த 3,724 நோயாளிகளின் முடிவுகளை அவர்கள் 1983இல் வெளியிட்டார்கள். இதய நுரையீரல் இயந்திரம் தேவைப்படாததால் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்ய முடிந்தது. ஜப்பானின் கான்ஜி இனோவே 1982இல் பலூன் முறையைக் கொண்டுவந்த பிறகு தொடை வழியாகவே இதைச் செய்யலாம் என்றாயிற்று. 1971இல் விரல்தான் வழி.

ஐந்தாம் மாதத்தில் அறுவை நடந்தது. 1972 பங்குனியில், நிறைமாதத்தில், படுத்தபடியே மூச்சு முட்டாமல் அப்பத்தா பெற்ற பிள்ளை என் அப்பச்சி.

ஊசி மீண்டும் தொடங்கியது. ஐயா பஞ்சாங்கத்தில் 21 நாளுக்கு ஒரு முறை சிவப்பு மையில் புள்ளி வைத்திருக்கிறார். காரைக்குடியில் மருந்து கிடைக்காத மாதங்களில் திருச்சியிலிருந்து வரவழைத்த செலவும் இருக்கிறது. 1988இல், அப்பத்தாவுக்கு 40 வயது நிறைந்த ஆண்டில், டாக்டர் போதும் என்று சொன்ன பிறகுதான் நிறுத்தியிருக்கிறார். இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அப்பத்தா வீட்டு வேலை செய்தார், பிள்ளைகளை வளர்த்தார், குன்றக்குடி மலையில் படியேறினார். ஒரு மருத்துவ வரலாற்றில் இப்படி எழுத ஒன்றுமில்லாத பகுதி அமைவது எவ்வளவு பெரிய வெற்றி!

கணக்கு நின்ற பிறகு

1990இல் ஐயா மறைந்தார். நோட்டும் நின்றது. வேலூர்க் கோப்பின் எண், அறுவை நடந்த தேதி, ஊசியின் கணக்கு எல்லாம் அவர் ஒருவரிடமே இருந்தன. பிள்ளைகளுக்குத் தெரிந்தது, ஆத்தாவுக்கு எப்போதோ ஆபரேஷன் நடந்து சரியாகிவிட்டது என்பது மட்டும்.

அடுத்த ஆண்டே நெஞ்சு படபடத்தது. வயது 43. பார்த்த மருத்துவர் மாதவிடாய் நிற்கும் காலம் என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். இடது மார்புக்குக் கீழே முதுகுவரை நீண்டிருந்த தழும்பை யாரும் பார்க்கவில்லை, அப்பத்தாவும் சொல்லவில்லை. பிரித்துவிட்ட வால்வு பல ஆண்டுகள் கழித்து மறுபடி சுருங்குவது வழக்கம். மேலறை வீங்கி, துடிப்பதற்குப் பதில் நடுங்கத் தொடங்கும். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி கிளம்பினால் பெரும்பாலும் மூளைக்குத்தான் போகும். 1991இல் ஒரு இசிஜி எடுத்திருந்தால் இது தெரிந்திருக்கும். உறைவைத் தடுக்கும் மாத்திரையை அன்றே தொடங்கியிருக்கலாம்.

1994 ஐப்பசியில், வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி கையிலிருந்து விழுந்தது. பேச்சு வரவில்லை, வலது பக்கம் இழுத்துக்கொண்டது. மதுரையில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இடது மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. பிறகு இதயத்தை ஒலி அலையால் படமெடுக்கும் எக்கோ எடுத்தபோதுதான் எல்லாமே வெளியே வந்தது. பேச்சு திரும்ப ஏறக்குறைய ஓராண்டு ஆனது. முதலில் திரும்பியவை பெயர்களோ வாக்கியங்களோ இல்லை. சிறுவயதில் மனப்பாடம் செய்த விநாயகர் அகவல் வரிகள் தங்குதடையின்றி வந்தன. பேச்சுப் பகுதி அடிபட்டவர்களிடம் பாட்டும் மனப்பாடமும் இப்படித் தப்பிப் பிழைப்பது மருத்துவத்தில் அறிந்ததே. ஆனால் “தண்ணீர்” என்று கேட்க முடியாதவர் அகவலைச் சொல்லிக் கேட்ட வீட்டாருக்கு அது வேறு அனுபவம்.

வால்வில் சுண்ணாம்பு படிந்து கசிவும் சேர்ந்துவிட்டதால் பலூன் முறைக்கு இடமில்லை. 1996இல் சென்னையில் வால்வை மாற்றினார்கள். பொருத்தியது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தியது. உலோகச் சட்டத்துக்குள் கெட்டியான பாலிஎத்திலீன் தட்டு சாய்ந்து திறந்து மூடும். வெளிநாட்டு வால்வின் விலை எங்கள் குடும்பத்துக்கு அன்று எட்டாதது. இந்த நாட்டிலேயே செய்த அந்தத் தட்டு 29 ஆண்டுகளாக அயராமல் திறந்து மூடுகிறது. அதைச் செய்தவர்கள் மீது எனக்குள்ள நன்றியை எழுத்தில் அடக்க முடியாது.

மாத்திரையும் கீரை மண்டியும்

செயற்கை வால்வு உள்ளவரின் வாழ்க்கை ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ஒரே எண்ணைச் சுற்றி நடக்கிறது. மாத்திரை போடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். அப்பத்தாவுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. தொடக்க ஆண்டுகளில் இந்த ஒரு பரிசோதனைக்காகவே அப்பச்சி அவரை மதுரைக்குப் பஸ்ஸில் அழைத்துப் போவார். இப்போது காரைக்குடியிலேயே செய்துவிடுகிறார்கள்.

கீரையே கூடாது என்று யாரோ சொல்லிவிட, அப்பத்தா நெடுநாள் கீரை மண்டி என்ற எங்கள் குழம்பைத் தொடாமல் இருந்தார். அது வீண் தண்டனை. கீரையிலுள்ள வைட்டமின் கே மாத்திரைக்கு எதிராக வேலை செய்வது உண்மைதான். ஆனால் வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் ஒன்றுமில்லாமல் இருந்து, விருந்தில் ஒரேயடியாகச் சாப்பிடுவதுதான் ஆபத்து. இப்போது வாரம் இரண்டு நாள் கீரை உண்டு.

உண்மையான ஆபத்து 2009இல் வேறு வழியில் வந்தது. வயிற்றுப்போக்குக்கு ஒரு சிறிய மருத்துவமனையில் மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். அப்பத்தா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மருந்து, உறைவு தடுக்கும் மாத்திரையை ஈரல் உடைக்கவிடாமல் தடுக்கும். ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம் நிற்கவில்லை, தொடையில் கருநீலமாகக் கன்றியது. ஐஎன்ஆர் 8ஐத் தாண்டியிருந்தது. வைட்டமின் கேயைத் தாராளமாக ஏற்றினால் கசிவு நிற்கும், வால்வு அடைத்துக்கொள்ளும். ஆகவே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை ஏற்றி, மாத்திரையை நிறுத்திவைத்து, அளந்து அளந்து இறக்கினார்கள். வலி மாத்திரைகள், பல கிருமிக்கொல்லிகள், சில நாட்டு மருந்துகள் என இப்படி இடையூறு செய்பவை ஏராளம்.

பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரைக்கு மாறலாமே என்று உறவினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு அப்படியொரு புதிய மாத்திரையான டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கட்டிகளும் கசிவும் கூடியதால் அதை இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளிவந்தது. ருமாட்டிக் இதய நோயோடு துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்கும் இன்னொரு புதிய மாத்திரையான ரிவரொக்சபானைவிடப் பழைய மாத்திரையே மேல் என்று 2022இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அப்பத்தாவுக்குப் பழையதே.

இன்று

2009க்குப் பிறகு நான் ஒரு தாளைத் தயாரித்தேன். தொண்டைப் புண் முதல் வால்வின் வகை, ஐஎன்ஆர் இலக்கு, கொடுக்கக் கூடாத மருந்துகள், பல் பிடுங்கும் முன் கொடுக்க வேண்டிய அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி வரை ஒரே பக்கத்தில் இருக்கும். 2015இல் கடைவாய்ப் பல் எடுத்தபோது அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார வைத்தார்.

கடந்த ஆண்டு எக்கோவில் செயற்கை வால்வு நன்றாகவே இருக்கிறது. வலப்பக்கத்து ட்ரைகஸ்பிட் வால்வு கசிகிறது. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்த்திருக்கிறோம். இன்னோர் அறுவை செய்து பார்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. ஆபத்து எவ்வளவு, பலன் எவ்வளவு என்பதை மதுரை இதய மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அப்பத்தா முழுவதும் கேட்டுக்கொண்டு, “இரண்டு முறை நெஞ்சைத் திறந்தாயிற்று, மூன்றாவது வேண்டாம் ஆத்தா” என்று என்னிடம் சொன்னார். மருத்துவரும் அதைச் சரியென்றே ஏற்றார். அந்த முடிவையும் தாளில் எழுதச் சொல்லி, கீழே கையெழுத்திட்டார். இப்போது ஒரு பிரதி காரைக்குடி மருத்துவரிடம், ஒன்று அப்பச்சியிடம், ஒன்று அப்பத்தாவின் கைப்பையில் இருக்கிறது. மாத்திரை மாறும்போதெல்லாம் மூன்றையும் திருத்துகிறோம்.